யோகோசுகா: கடற்படைத் துறைமுகத்தை ஒரே நாளில் பார்க்கும் வழி

ஜப்பானில் டோக்கியோவுக்குத் தெற்கே இருக்கும் யோகோசுகாவின் வரைபடத்தைப் பார்த்தால் எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மிகாசா போர்க்கப்பல், சாருஷிமா தீவுக்குப் படகு கிளம்பும் துறை, டோபுயிதா கடைத்தெரு, துறைமுகச் சுற்றுப் படகு, வெர்னி பூங்கா என்று எல்லாம் நடந்தே போய்விடும் தொலைவு. எதை முதலில் பார்த்தால் என்ன என்று பலரும் கிளம்பிவிடுவது இதனால்தான். மதியம் தீவுக்குப் போகலாம் என்று வந்தால், காற்று அதிகமென்று படகை நிறுத்தியிருப்பார்கள். காலையிலேயே துறைமுகச் சுற்றை முடித்தவர்கள் படங்களைத் திறந்து பார்த்தால், அமெரிக்கக் கப்பல்கள் எல்லாம் கறுப்பு நிழலாக விழுந்திருக்கும்.

இந்த ஊரில் நாளின் வரிசையைத் தீர்மானிப்பவை காற்றும் வெயிலும். சாருஷிமா கரையிலிருந்து 1.7 கிலோமீட்டர் தள்ளி, மறைப்பில்லாத கடலில் இருக்கிறது. வசந்த காலம் முதல் கோடை வரை பொழுது ஏற ஏறத் தெற்குக் காற்று வலுக்கும் என்பதால் தீவுக்குக் காலையில் போங்கள். அமெரிக்கக் கடற்படைத் தளமோ துறைமுகத்தின் கிழக்குக் கரையில். காலையில் சூரியன் கப்பல்களுக்குப் பின்னால் நிற்கும், பிற்பகல் 2 மணிக்கு மேல் உங்கள் முதுகுப் பக்கம் வந்துவிடும். அதனால் துறைமுகச் சுற்றைப் பிற்பகலுக்கு வையுங்கள். மிகாசாவும் சாப்பாடும் இரண்டுக்கும் நடுவில். இந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

ரயிலில் போவது

டோக்கியோவிலிருந்து இரண்டு வழிகள் உண்டு. ஷினாகாவாவில் கெய்க்யூ என்ற தனியார் நிறுவனத்தின் ரயில் ஏறினால் யோகோசுகா-சூவோ நிலையத்துக்கு முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். டோக்கியோ நிலையத்தில் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) யோகோசுகா லைன் ஏறினால் யோகோசுகா நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். வேகமும் மலிவும் கெய்க்யூவில்தான். ஜே.ஆர். பாஸ் கையில் இருந்தால் மட்டும் இரண்டாவது வழியை யோசியுங்கள். ஹனேடா விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறவர்களுக்கும் கெய்க்யூதான் தோது.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. கெய்க்யூவின் மிக வேகமான ரயில்கள் யோகோசுகா-சூவோவில் நிற்கும். அதற்கு முந்தைய நிலையமான ஷியோயிரியில் நிற்காது. துறைமுகச் சுற்றுப் படகுக்கு ஷியோயிரிதான் பக்கம் என்று படித்துவிட்டு வேக ரயிலில் உட்கார்ந்திருப்பவர்கள் ஜன்னல் வழியாக அந்த நிலையம் ஓடுவதைப் பார்க்க வேண்டியதுதான். கனாசாவா-ஹக்கேயில் சாதாரண ரயிலுக்கு மாறலாம். இந்த வழிகாட்டியின் வரிசைப்படி போனால் மாறவே தேவையில்லை. காலையில் யோகோசுகா-சூவோவில் இறங்கிவிட்டு, பிற்பகல் கடைத்தெரு வழியாக நடந்தே ஷியோயிரி பக்கம் போய்விடலாம். ஜே.ஆரில் வருகிறவர்கள் ரயில் எதுவரை போகிறது என்று பார்த்து ஏறுங்கள். பல ரயில்கள் ஸூஷியோடு நின்றுவிடும். குரிஹாமா வரை போகிற ரயில் என்றால்தான் மாறாமல் வந்து சேரலாம்.

அறிவிப்பில் ஊரின் பெயரை ‘யொகொஸ்கா’ என்றுதான் சொல்வார்கள், நடுவிலுள்ள உகரம் காதில் விழாது. ‘யோ-கோ-சு-கா’ என்று நான்கு எழுத்தும் கேட்கும் என்று காத்திருந்தால் நிலையம் போய்விடும்.

வயதானவர்களையோ சக்கர நாற்காலியில் இருப்பவர்களையோ கூட்டிக்கொண்டு போவதானால் கணக்கு மாறும். ஜே.ஆர். யோகோசுகா நிலையத்தில் படிக்கட்டே கிடையாது. நடைமேடையிலிருந்து வாசல் வரை ஒரே சமதளம். வாசலைத் தாண்டி ஒரு நிமிடம் நடந்தால் வெர்னி பூங்கா, கண்ணெதிரே கப்பல்கள். தீவையும் மிகாசாவையும் விட்டுவிட்டுப் பூங்காவும் துறைமுகச் சுற்றும் மட்டும் பார்த்தாலே அவர்களுக்கு நாள் நிறைந்துவிடும்.

எந்த நாளில் போவது

கப்பல்கள் கட்டிவைத்த பொருட்காட்சி அல்ல. இன்று நிற்பது நாளை கிளம்பிவிடும். வேலை நாட்களில் கப்பல்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்க்க வாய்ப்பு கூடுதல். சனி, ஞாயிறுகளில் அதிகக் கப்பல்கள் துறையில் நிற்கும், கூட்டமும் இருக்கும். ஆண்டு முடிவை ஒட்டிய நாட்களில் பெரும்பாலானவை வீடு திரும்பியிருக்கும். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் குளிர்காலத்தையும் வசந்தத்தின் முற்பகுதியையும் தேர்ந்தெடுங்கள். பழுதுபார்ப்புப் பணிக்காக அது பொதுவாக அந்த மாதங்களில் யோகோசுகாவில் இருக்கும். கோடை முதல் இலையுதிர்காலம் வரை பெரும்பகுதி கடலில்தான். தற்போது இங்கே நிலைகொண்டிருப்பது 333 மீட்டர் நீளமுள்ள ஜார்ஜ் வாஷிங்டன். 2008 முதல் 2015 வரை இங்கே இருந்துவிட்டு, இடையில் ரொனால்டு ரீகன் என்ற கப்பலுக்கு இடம் கொடுத்து, 2024 நவம்பரில் திரும்பி வந்தது.

தேசிய விடுமுறை நாட்களில் ஜப்பானியக் கப்பல்கள் முன்முனையிலிருந்து பாய்மரம் வழியாகப் பின்முனை வரை வண்ணக் கொடிகளைத் தோரணமாகக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். மே மாதமும் அக்டோபரும் வெர்னி பூங்காவில் ரோஜா பூக்கும் காலம். ஜூன் மழைக்காலம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல்கள் உண்டு. அந்த மாதங்களில் முதல் நாள் மாலையே வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலை: சாருஷிமா

யோகோசுகா-சூவோவிலிருந்து மிகாசா பூங்காவுக்கு 15 நிமிட நடை. படகுத்துறை பூங்காவை ஒட்டியே இருக்கிறது. முதல் படகு பொதுவாக 9:30 மணிக்கு, அதன்பின் மணிக்கு ஒன்று. பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும், அன்று காலை படகு ஓடுகிறதா என்பதையும் இணையதளத்திலேயே போடுவார்கள். படகுக் கட்டணத்தோடு தீவின் நுழைவுக் கட்டணமும் சேரும் என்பதால், கட்டணப் பலகையில் முதலில் தெரியும் தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பயணம் 10 நிமிடம்தான். குமட்டல் வரும் உடம்பு என்றால் படகின் பின்பகுதியில் நில்லுங்கள், முன்பகுதி அலைக்கு அதிகம் தூக்கிப் போடும்.

டோக்கியோ விரிகுடாவில் இயற்கையாக அமைந்த ஒரே ஆளில்லாத் தீவு இது. பெயருக்கு ‘குரங்குத் தீவு’ என்று பொருள், ஆனால் குரங்கு கிடையாது. நிச்சிரென் துறவிக்கு ஒரு வெள்ளைக் குரங்கு வழிகாட்டியதாகச் சொல்லும் கதையிலிருந்து வந்த பெயர். பார்க்க வேண்டியது கோட்டை. மெய்ஜி காலத்தில், 1880களில், தலைநகரின் வாசலைக் காக்க ராணுவம் இங்கே பீரங்கி மேடைகள் கட்டியது. படகிலிருந்து பார்த்தால் கட்டடம் எதுவும் கண்ணில் படாது. பாறையை மேலிருந்து கீழே வெட்டி, அந்தப் பள்ளத்தின் இரு சுவர்களுக்குள் படைவீரர் அறைகளையும் வெடிமருந்துக் கிடங்குகளையும் புதைத்துவிட்டார்கள். கடலிலிருந்து வரும் எதிரிக்கு மரங்கள் மட்டும்தான் தெரிய வேண்டும் என்பதே ஏற்பாடு.

செங்கல் சுவரின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரே வரிசையில் ஒரு கல்லின் நீளப் பக்கம், அடுத்த கல்லின் குட்டைப் பக்கம், மறுபடி நீளம், மறுபடி குட்டை என்று மாறி மாறி வரும். ஜப்பானில் இதைப் பிரெஞ்சு அடுக்கு என்கிறார்கள். பின்னால் அங்கே வழக்கத்துக்கு வந்த முறையில் ஒரு வரிசை முழுக்க நீளம், அடுத்த வரிசை முழுக்கக் குட்டை. அதனால் பழைய முறையில் கட்டிய சுவர்கள் ஜப்பானில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. இந்தத் தீவின் கோட்டை 2015-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதே அடுக்கில் கட்டிய சுரங்கப்பாதை ஒன்று தீவின் நடுவே போகிறது. உள்ளே வெளிச்சம் குறைவு, தரை ஈரமாக இருக்கும். வழுக்காத காலணி இங்கேதான் கைகொடுக்கும்.

சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். 9:30 படகில் போய் 11 மணிவாக்கில் திரும்பும் படகைப் பிடித்தால் சரியாக இருக்கும். தீவில் தங்க இடமில்லை, எந்த வேளையில் போனாலும் கடைசிப் படகு எப்போது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கடற்கரை முழுக்கப் பருந்துகள் வட்டமிடும். கையில் இருக்கும் பலகாரத்தைப் பின்னாலிருந்து பாய்ந்து பறித்துக்கொண்டு போகும், நகம் பட்டால் காயமாகும். திறந்த வெளியில் சாப்பிடுவதானால் சுவருக்கோ மரத்துக்கோ முதுகைக் கொடுத்து, கூரையுள்ள இடத்தில் உட்காருங்கள். குழந்தை கையில் ரொட்டியைக் கொடுத்து மணலில் விடாதீர்கள்.

மிகாசா

படகிலிருந்து இறங்கியதும் பக்கத்திலேயே நிற்பது மிகாசா. இங்கிலாந்தில் பாரோ-இன்-ஃபர்னஸ் நகரில் விக்கர்ஸ் கட்டி 1902-இல் முடித்த போர்க்கப்பல். 1905 மே 27, 28 தேதிகளில் சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கப்பற்படையைத் தோற்கடித்த தளபதி தோகோ இதில் இருந்துதான் ஆணையிட்டார். போர்க்கப்பல்களைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட 1922 வாஷிங்டன் ஒப்பந்தப்படி உடைத்திருக்க வேண்டியது. இனி ஒருபோதும் மிதக்க முடியாதபடி செய்தால் வைத்துக்கொள்ளலாம் என்று மற்ற நாடுகள் ஒத்துக்கொண்டன. அதனால்தான் அடிப்பகுதி கான்கிரீட்டில் புதைந்து நிற்கிறது. தண்ணீரில் மிதக்கும் கப்பலைத் தேடி வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும், காரணம் தெரிந்தால் அந்தக் கான்கிரீட்டும் வரலாறாகத் தெரியும்.

உள்ளே போகுமுன் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய பீரங்கிகள் அசல் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பீரங்கிகளும் பாய்மரங்களும் அகற்றப்பட்டு, மேல்தளத்தில் நடன அரங்கும் மீன் காட்சியகமும் வந்திருந்தன. அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் உட்படப் பலர் குரல் கொடுத்த பிறகு 1961-இல் பழைய தோற்றத்துக்கு மீட்டார்கள். அந்த நேரத்தில் ஜப்பானுக்கு உடைக்க வந்த சிலி நாட்டுப் போர்க்கப்பல் அல்மிரான்தே லத்தோரேயின் உதிரிகளும் இதற்குப் பயன்பட்டன. அதுவும் பிரிட்டிஷ் வேலை என்பதால் பொருந்தியது.

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் மேலே ஏறுங்கள், காட்சிக்கூடத்தைப் பிறகு பார்க்கலாம். திறந்த மேல்பாலத்தில், போரின்போது தோகோவும் அவருடைய அதிகாரிகளும் யார் யார் எங்கே நின்றார்கள் என்பதைத் தரையில் குறித்து வைத்திருக்கிறார்கள். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் கவசத்துக்குள் போகாமல் நின்ற இடம் எவ்வளவு சின்னது என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் உறைக்கும். ஏணிகள் செங்குத்து. ஏறும்போது எப்படி முகம் படியைப் பார்த்திருக்கிறதோ, இறங்கும்போதும் அப்படியே பின்பக்கமாக இறங்குங்கள். சேலையும் நீளப் பாவாடையும் இங்கே தொல்லை.

சாப்பாடு: கடற்படைக் கறி

யோகோசுகா தன்னைக் ‘கறி நகரம்’ என்று 1999-இல் அறிவித்துக்கொண்டது. ‘கறி’ என்ற நம் சொல்தான் ஐரோப்பியர் வாய்வழியே ‘கரி’யாகி, பிரிட்டிஷ் கடற்படையின் சமையலறை வழியாக இங்கே ‘கரே’ ஆனது என்பதைத் தமிழர் ஒருவர் இந்த ஊரில் நினைக்காமல் இருக்க முடியாது.

இது ஜப்பானியக் கப்பலில் ஏறியதற்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற மாலுமிகள் பெரிபெரியால் விழுந்துகொண்டிருந்தார்கள். 1882-83 பயணத்தில் ரியூஜோ என்ற கப்பலின் 376 பேரில் 169 பேருக்கு நோய், 25 பேர் இறந்தார்கள். லண்டனில் படித்த கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ, உணவில்தான் கோளாறு என்று உறுதியாக நம்பி, 1884-இல் சுகுபா என்ற கப்பலை அதே பாதையில் வேறு உணவோடு அனுப்பவைத்தார். இந்த முறை பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. இறைச்சி, காய்கறி, பார்லி, கோதுமை மாவு என்று சாப்பாடு மாறியது. மாவு கரைத்த கறியும் சோறும் அந்த மாற்றத்துக்கு வாகாக அமைந்தன.

ஊர்க் கடைகள் பின்பற்றுவது 1908-ஆம் ஆண்டுக் கடற்படைச் சமையல் கையேட்டின் முறை. மாட்டிறைச்சி அல்லது கோழி, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு. கொழுப்பில் கோதுமை மாவை நரியின் நிறம் வரும்வரை வறுத்து, கறிப்பொடி சேர்த்து, இறைச்சிச் சாற்றால் இளக்க வேண்டும். உருளைக்கிழங்கைக் கடைசியில் போட வேண்டும், முதலிலேயே போட்டால் கரைந்துவிடும். தொட்டுக்கொள்ள ‘சாத்சுனே’ வைக்கச் சொல்கிறது அந்தக் குறிப்பு. நம் சட்னிதான். தாளிப்பு கிடையாது, காரம் நமக்கு ஒன்றுமே இல்லை, குழம்பு கெட்டியாக இனிப்பாக இருக்கும். கூடவே காய்கறிக் கலவையும் ஒரு கோப்பைப் பாலும் வரும். மூன்றும் சேர்ந்தால்தான் ‘யோகோசுகா கடற்படைக் கறி’ என்ற பெயருக்கு உரியது. இன்றும் கடற்படையில் வெள்ளிக்கிழமை கறிநாள். கடலில் கிழமை மறந்துபோகாமல் இருக்க அது உதவுகிறது என்பார்கள்.

சைவ உணவுக்காரர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். தட்டில் இறைச்சித் துண்டு இல்லையென்றால் போதும் என்று நினைக்காதீர்கள். மாவு வறுத்த கொழுப்பும் இளக்கிய சாறும் இறைச்சியிலிருந்து வந்தவை. கையேட்டு முறையில் சோற்றையே சாற்றில்தான் வேகவைப்பார்கள். ‘காய்கறிக் கறி’ என்று எழுதியிருந்தாலும் குழம்பு அதேதான். ‘நிக்கு மோ சகானா மோ தாபேமாசென்’ என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்கள் ‘கியூனிகு வா தாபேமாசென்’ என்று சொல்லி, கோழிக்கறி உண்டா என்று ‘சிக்கின் கரே அரிமாஸ்கா’ எனக் கேளுங்கள். அப்போதும் கொழுப்பு மாட்டினுடையதாக இருக்கலாம். கண்டிப்பான சைவம் என்றால் கையில் ரொட்டி, பழம், கட்டுச்சோறு எடுத்துப் போவதுதான் நிம்மதி. ஊரின் இன்னொரு பெருமையான நேவி பர்கர் முழுக்க முழுக்க மாட்டிறைச்சி. அமெரிக்கக் கடற்படையிடமிருந்து செய்முறை வாங்கிச் செய்வது.

டோபுயிதா

சாப்பிட்டுவிட்டு ஷியோயிரி பக்கம் போகும் வழியே இந்தத் தெரு. நடுவில் ஓடிய சாக்கடையைக் கடற்படைத் தொழிற்சாலை கொடுத்த இரும்புத் தகடுகளால் மூடியதால் ‘சாக்கடைப் பலகை’ என்று பெயர் வந்தது. பல கடைகள் 11 மணிக்குப் பிறகே திறக்கும், காலையில் வந்தால் இரும்புக் கதவுகளைத்தான் பார்ப்பீர்கள்.

வாங்க வேண்டிய பொருள் சுகாஜான். போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் நினைவாகக் கழுகு, புலி, டிராகன் என்று பூவேலை செய்வித்துக்கொண்ட பளபளப்பான மேலாடை. விலை நிறையவே வேறுபடும், காரணம் பூவேலை. நல்லதைக் கண்டுபிடிக்கத் துணியைத் திருப்பிப் போட்டு நூலைப் பாருங்கள். கைவினைஞர் துணியைக் கையால் நகர்த்தி, ஊசி பக்கவாட்டில் ஆடும் தையல் எந்திரத்தில் செய்தது என்றால் தையலின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். புலியின் முதுகில் மயிர் படிந்த திசைக்கே நூலும் படிந்திருக்கும். கணினி எந்திரத்தில் அடித்தது ஒரே சீராக, தட்டையாக இருக்கும். ஜப்பானிய அளவுகள் சிறியவை, போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும், சுற்றுலாப் பயணிகளுக்கான வரிச்சலுகைக்கு அது வேண்டும்.

பிற்பகல்: துறைமுகச் சுற்று

‘குன்கோ மெகுரி’ என்று கேளுங்கள். ஷியோயிரி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், கோஸ்கா வணிக வளாகத்தை ஒட்டிய துறையிலிருந்து கிளம்பும் 45 நிமிடப் படகு. சனி, ஞாயிறுகளில் சீட்டுகள் காலையிலேயே தீர்ந்துவிடும். இணையத்தில் முன்பதிவு செய்து, அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 2 மணி அல்லது 3 மணிப் படகைப் பிடியுங்கள்.

மேல்தளத்தில், படகு போகும் திசைக்கு வலப்பக்கம் உட்காருங்கள். வழக்கமான பாதையில் வெளியே போகும்போது அமெரிக்கத் தளம் வலப்பக்கம் வரும். பிறகு அஸுமா தீவை இடப்புறம் வைத்துச் சுற்றி நாகாவுரா துறைமுகத்துக்குள் போகும்போதும் கப்பல்கள் பெரும்பாலும் வலப்பக்கமே. விளக்கவுரை ஜப்பானிய மொழியில் நேரடியாகச் சொல்வது. ஒலிபெருக்கியில் சிரிப்பும் கைதட்டலும் வரும்போது உங்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் கப்பல்களைப் படிக்கும் முறையை நீங்களே தெரிந்துவைத்துக்கொண்டு போவது நல்லது.

முதலில் பின்முனைக் கொடி. சிவப்புக் கதிர்கள் 16 விரியும் சூரியன் என்றால் ஜப்பான், நட்சத்திரமும் கோடும் என்றால் அமெரிக்கா. அடுத்து எண். ஜப்பானியக் கப்பலில் 101 முதல் வரும் எண்கள் நாசகாரிக் கப்பல்கள். 170களில் தொடங்கி 180 வரை ஏவுகணைக் கப்பல்கள். 181 முதல் 184 வரை ஹெலிகாப்டர் இறங்கும் தட்டையான மேல்தளம் கொண்டவை. இவற்றில் 183 என்றால் 248 மீட்டர் நீளமுள்ள இஸுமோ, யோகோசுகாதான் இதன் தாய்த்துறை. ஒற்றை இலக்க எண்ணோடு, மூலைகள் மடித்ததுபோல வழுவழுப்பான சுவர்களோடு நிற்பது மொகாமி வகைப் புதிய கப்பல். அண்மைக் காலமாக ஜப்பானியக் கப்பல்களில் எண்ணை வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறத்தில் எழுதுவதால் தூரத்திலிருந்து படிப்பது சிரமம். பெயர் பின்முனையில் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். அமெரிக்கக் கப்பல்களில் வெள்ளை எண்ணுக்குக் கறுப்பு நிழல் போட்டிருப்பார்கள். 19 என்று கண்டால் அது ப்ளூ ரிட்ஜ், ஏழாவது கப்பற்படையின் தலைமைக் கப்பல். 1970-இல் பணியில் சேர்ந்தது, 1979 முதல் இங்கேயே இருக்கிறது.

இரு நாட்டு ஏவுகணைக் கப்பல்களிலும் மேற்கட்டடத்தின் மூலைகளில் எட்டுப் பக்கமுள்ள தட்டையான பலகைகள் பதிந்திருப்பதைப் பாருங்கள். அவை ஈஜிஸ் என்ற ஏவுகணை அமைப்பின் ரேடார் முகங்கள். சுழலாமலேயே நான்கு திசையும் பார்ப்பவை.

நீர்மூழ்கிகளில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. பின்னால் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். இரண்டு தகடுகள் ‘வி’ போல விரிந்திருந்தால் ஜப்பானின் சோரியூ அல்லது தைகேய் வகை. சுக்கான் முழுதாக எக்ஸ் வடிவம், அதன் மேல்பாதி மட்டும் வெளியே தெரிகிறது. நட்டுவைத்த ஒரே தகடு என்றால் பழைய ஜப்பானிய வகையாக இருக்கலாம், அமெரிக்க அணுநீர்மூழ்கியாகவும் இருக்கலாம். பின்முனைக் கொடியைப் பாருங்கள்.

நாகாவுராவில் சின்னக் கப்பல்கள் கண்ணிவெடி அகற்றுபவை. காந்த வெடிகளைத் தூண்டிவிடாமலிருக்க இவற்றை மரத்தால் கட்டினார்கள், இப்போது கண்ணாடியிழையால் கட்டுகிறார்கள். சாம்பல் நிறத்துக்கு நடுவே பளிச்சென்று ஆரஞ்சு நிறம் தெரிந்தால் அது பனி உடைக்கும் கப்பல் ஷிராசே. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அண்டார்க்டிகா போயிருக்கும் என்பதால் கோடையில் வருகிறவர்களுக்கே வாய்ப்பு. கடைசியாக ஒரு குறுகலான கால்வாய்க்குள் படகு நுழையும். மெய்ஜி காலத்தில் இரு துறைமுகங்களை இணைக்க வெட்டியது. அதை வெட்டியதால்தான் ஒரு தீபகற்பம் இன்றைய அஸுமா தீவானது.

படம் எடுக்கலாமா

படகிலிருந்தும் பூங்காவிலிருந்தும் தாராளமாக எடுக்கலாம். கைப்பேசியே போதும், விமானந்தாங்கிக் கப்பலுக்கு மட்டும் தொலைவு அதிகம் என்பதால் 300 மி.மீ. லென்ஸ் உதவும். அமெரிக்கத் தளத்தின் வாயிலையும் காவலர்களையும் படமெடுக்காதீர்கள். டிரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். தளமும் அதைச் சுற்றி ஏறத்தாழ 300 மீட்டரும் சட்டப்படி தடை, மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம்.

தளத்துக்குள் நினைத்தவுடன் போக முடியாது. அமெரிக்கத் தளம் ஆண்டில் சில நாட்கள் பொதுமக்களுக்குத் திறக்கும். அன்று மூலக் கடவுச்சீட்டு வேண்டும், நகல் செல்லாது. சில நாட்டவர்களுக்கு முன்அனுமதி கேட்பார்கள். ஆகவே அறிவிப்பில் உங்கள் நாட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வரிசையில் நிற்காதீர்கள். ஜப்பானியத் தரப்பின் கப்பல் பார்வை நாட்களைக் கடற்படையின் யோகோசுகா தலைமையகம் தன் இணையதளத்தில் அறிவிக்கும். குதிகால் உயர்ந்த செருப்போடு போனால் ஏற விடமாட்டார்கள்.

மாலை: வெர்னி பூங்கா

படகிலிருந்து இறங்கிக் கரையோரமாகவே நடந்தால் பூங்கா. பிரெஞ்சுப் பொறியாளர் லியோன்ஸ் வெர்னியின் பெயர். 1865-இல் எதிர்க்கரையில் தொடங்கிய இரும்பாலையை, பின்னாளில் கப்பல் கட்டும் தளமான அதை, நிறுவி நடத்தியவர் அவர். 1871-இல் கட்டி முடித்த முதல் உலர்துறை (தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டி) இன்றும் அமெரிக்கத் தளத்துக்குள் வேலை செய்கிறது. பூங்காவின் சிறு நினைவகத்தில் நெதர்லாந்தில் செய்த 3 டன் நீராவிச் சுத்தியல் நிற்கிறது, நூறாண்டுக்கும் மேல் இரும்படித்தது. நுழைவு இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. வெளியே கிடக்கும் நீண்ட குழல் முத்சு போர்க்கப்பலின் 41 செ.மீ. பீரங்கி. இந்த ஊரில் கட்டிய கப்பல் அது. 1943-இல் தானே வெடித்து மூழ்கியது, கடலிலிருந்து எடுத்த பீரங்கி 2016-இல் ஊர் திரும்பியது.

டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் விழுந்துவிடும், 3 மணிப் படகு முடிந்து வந்தால் சரியாக இருக்கும். கோடையில் 7 மணி ஆகும், இடையில் கடைத்தெருவுக்குத் திரும்பிப் போய் வாருங்கள். மறையும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் தண்ணீரோரப் பலகைத் தளத்தில் எதிர்க்கரையைப் பார்த்து நில்லுங்கள். கப்பல்களின் பின்முனையில் இரண்டு மூன்று உருவங்கள் வந்து நிற்பது தெரியும். ஊதுகொம்பு ஒலி தண்ணீர் மேல் வரும், எல்லாக் கப்பல்களிலும் கொடி ஒரே நேரத்தில் மெதுவாக இறங்கும். ஊதி முடியும்வரை பேசாமல் நின்றால் போதும். காலை 8 மணிக்கு ஏற்றுவதும் இதே முறைதான், அதைப் பார்க்க இரவே இந்த ஊரில் தங்க வேண்டியிருக்கும்.